கைப்பிடி அரிசியில் வந்த பணம்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். அதிலும் திருட்டு, கொலை, கோர்ட்டு என்று போகிற படங்கள். பணப்பெட்டி காணாமல் போகும். நல்லவன் ஜெயிலுக்குப் போவான். திருடினவன் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு அநாதை ஆசிரமத்துக்கு நன்கொடை கொடுப்பான். கடைசியில் வெளியே இடி இடிக்கும்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மாடிப்படியில் உருண்டு சாவான். அறுபத்து நாலு வயது வரை அந்த ஜிப்பாக்காரனை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் படங்களைப் பார்ப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன தனியார் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஆறு மாதம் ஓடியது. கணவர் இறந்துவிட்டார். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். மாதாமாதம் பணம் அனுப்புவான், அளந்து அனுப்புவான். எனக்கு மிச்சமிருந்த ஒரே துணை டிவி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏதாவது ஒரு சேனலில் பழைய படத்தைப் போட்டுவிட்டால் மாலை வந்துவிடும்.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எங்கள் தெருவுக்குள் புகுந்து, என் வீட்டில் இடுப்பளவு நின்றது. மாடி வீட்டுக்காரர்கள் தயவில் உயிர் பிழைத்தேன். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் டிவி சேற்றில் குப்புறக் கிடந்தது. மகனிடம் சொன்னேன். "இப்பம்லாம் போன்லயே எல்லாம் பாக்கலாம்லாம்மா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் அவன் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம், வெட்கமில்லாமல் ஆண்டவரிடம் ஒரு டிவிக்காக ஜெபம் பண்ணினேன். இது சிரிப்பதற்காகச் சொல்வது இல்லை. நான் செய்த தப்பு இங்கேதான் தொடங்கியது.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் தனியே போட்டு வைப்பாள். அது ஆண்டவருக்கு. மாதக் கடைசிச் சனிக்கிழமை பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் சாக்கோடு வீடு வீடாகப் போய் அந்த டப்பாக்களைக் கொட்டிக்கொண்டு வருவார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் சாக்கை ஏலம் விடுவார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். சோறாக்க ஆகாது. ஒரு அரிசி குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். ஆனால் புட்டு மாவுக்கு நல்லது. கோழிக்கும் ஆகும். பெரும்பாலும் நான்தான் ஏலம் எடுப்பேன். கடை விலையைவிடக் கூடத்தான் போகும். கோவிலுக்குத்தானே என்று கேட்பேன்.

அந்த வருஷம் அசனப் பண்டிகை, அதாவது சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடும் நாள், மாதக் கடைசியில் வந்தது. அந்த வேலை இருந்ததால் அரிசி வாங்க ஒரு வாரம் முந்தியே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சாக்கை வழக்கம்போல நான் எடுத்தேன். திங்கட்கிழமை கல் பொறுக்குவதற்காக முறத்தில் கொட்டியபோது ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கவர் விழுந்தது. உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். இருபத்தெட்டாயிரம். ரோஸ் நிற நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டியிருந்தது.

அது பீடிக் கட்டு கட்டுகிற நூல். நோட்டில் புகையிலை வாடை அடித்தது. எங்கள் சபையில் பீடி சுற்றுகிற வீடுகள் நாலைந்துதான். எழுந்து போய்க் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் யார் பணம் என்று தெரிந்திருக்கும். இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை, எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் நான் முறத்தை இறக்கி வைத்துவிட்டு முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். ஆண்டவருக்கு என்று எடுத்து வைத்த அரிசிக்குள்ளிருந்து பணம் வந்தால் அது ஆண்டவர் அனுப்பினது இல்லாமல் வேறு என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளி ஆள் யாராவது அந்தக் கவரைப் பார்த்திருந்தால் பணத்தைப் பார்த்திருப்பார்கள். நான் என் ஜெபத்துக்குப் பதிலைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கடையில் டிவிக்குப் பணம் கட்டினேன். இருபத்தோராயிரம். புதன்கிழமை மத்தியானம் கடைப் பையன் வந்து சுவரில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பின் தெருவில் பீடி சுற்றுகிறவள். அவள் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். ஓடி வந்திருப்பாள்போல, மூச்சு வாங்கியது.

"டீச்சர், கைப்பிடி அரிசி நீங்கதான் எடுத்தீங்கன்னு சொன்னாவ."

"ஆமா, ஏன்?"

"அதுக்குள்ள ஒரு பொட்டலம் கெடந்துச்சா டீச்சர்? மஞ்ச கவர். நான் பீடிக் கம்பெனிக்குப் போன நேரத்துல அரிசிக்கு வந்துருக்காவ. பிள்ள டப்பாவ அப்படியே கொட்டிட்டா. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் அரிசிதான் விழுந்துச்சுங்கா. சாக்கு பிடிச்சவியளும் அப்படித்தான் சொல்லுதாவ."

போனஸ் பணமும் சீட்டுப் பணமும் சேர்த்து, மகளை நர்சிங் சேர்ப்பதற்காக வைத்திருந்தாளாம். மாதக் கடைசிக்குள் எடுத்துக் கட்டிவிடலாம் என்று இருந்தாளாம். ஏன் அந்த டப்பாவில் போய் வைத்தாய் என்று கேட்டேன். பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நேரம்தான் வேண்டியிருந்தது.

"எங்க வீட்டுக்காரவிய குடிச்ச காலத்துல வீட்ல எதத் தொடல? சிலிண்டர வித்தாவ, பிள்ள கொலுச வித்தாவ. ஆனா கைப்பிடி அரிசி டப்பாவ மட்டும் தொட மாட்டாவ. அதுக்குப் பயம். அதனாலதான் அதுல வச்சேன்."

உள்ளேயிருந்து கடைப் பையன், "அம்மா, படம் வந்துட்டு, பாக்கீங்களா?" என்று கூப்பிட்டான்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருபத்தோராயிரம் போக மீதி பீரோவில் இருந்தது. டிவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கடைக்காரன் முகத்தைச் சுளித்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் நான், முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன இதே வாயால், "இல்லையே, நான் கல்லு பொறுக்கிக் காயகூட வச்சுட்டேனே, ஒண்ணும் இல்லம்மா" என்றேன். காய வைத்ததைச் சேர்த்துச் சொன்னதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் கேட்கவில்லை அதை. பொய் நிற்க வேண்டும் என்று நானாக முட்டுக் கொடுத்தேன்.

"சரி டீச்சர். நீங்க பாத்திருந்தா குடுத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அரிசியில் விழவில்லை என்று டீச்சரே சொல்லியாயிற்று. அப்படியானால் அதற்கு முந்தியே யாரோ எடுத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் யாரோ என்றால் ஒரே ஆள்தான். அவள் புருஷன் பெயிண்டர். எட்டு மாதமாகக் குடியை விட்டிருந்தார். ஆலயத்துக்கு வெள்ளை அடித்தபோது கூலி வாங்காமல் ஏணியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஊர் இன்னும் அவரை நம்பத் தொடங்கவில்லை. நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முந்திப் போதகர் வீட்டுக்குப் போனேன். எதற்குத் தெரியுமா? தசமபாகம் கொடுக்க. இருபத்தெட்டாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், வெள்ளைக் கவரில் போட்டு எடுத்துப் போனேன். திருடின பணத்துக்குத் தசமபாகம் கட்டின ஆள் நான். அங்கே வராந்தாவில் அந்தப் பெயிண்டரை நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். போதகர், கமிட்டிக்காரர்கள் மூன்று பேர், மூலையில் அவர் மனைவி. வாசலில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுத்தியா, எடுக்கலியா? ஒரே வார்த்தையில சொல்லுவே" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"அரிசிக்கு வந்ததுக்கு மொத நாள், வெள்ளிக்கெழம குடிச்சேன்யா. எட்டு மாசத்துல அந்த ஒரு நாள்தான். எப்படி வீட்டுக்கு வந்தேன்னே ஞாபகம் இல்ல" என்றார். பிறகு, "எடுத்திருப்பேன்" என்றார்.

அவர் மனைவி அழவில்லை. "ஆண்டவர் டப்பாவையும் தொட்டுட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். அவர் தலை இன்னும் தாழ்ந்தது. ஒரு வருஷத்துக்கு நற்கருணை, அதாவது ஆலயத்தில் கொடுக்கிற அப்பமும் ரசமும், எடுக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்தது நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான். அவரே ஒப்புக்கொண்டாரே, அப்படியானால் அந்தப் பணம் வேறு, என் பணம் வேறாக இருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ரோஸ் நூல் என் தையல் டப்பாவில் இருந்தது.

ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்தார்கள். "எதிர்பாராத நன்மை பெற்ற ஒரு குடும்பம், பெயர் சொல்ல விரும்பவில்லை, இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்." சபையார் வழக்கம்போல "ஸ்தோத்திரம்" என்றார்கள். இரண்டு வரிசை முன்னால் இருந்த அந்தப் பெண்ணும் சொன்னாள்.

அந்த வாரமே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். வள்ளியூர்ப் பக்கம் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். மறுபடி குடிக்கிறார் என்றும் சொன்னார்கள்.

டிவி நன்றாகவே தெரிந்தது. ஒரு மத்தியானம் நான் சின்ன வயதில் அப்பாவோடு கொட்டகையில் பார்த்த படம் ஒன்று வந்தது. கம்பெனிப் பணத்தை எடுத்துவிட்டு டிரைவர்மேல் பழி போடுகிறவன் கதை. டிரைவருக்காக அன்று நான் அழுத அழுகையில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் அப்பாவைச் சத்தம் போட்டார்கள். இப்போது பார்க்கும்போது ஜிப்பாக்காரன் ஆசிரமத்துக்கு நன்கொடை கொடுக்கிற இடம் வந்தது. எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவன் கும்பிடுகிறான். எழுந்து அணைத்துவிட்டேன். அணைத்த பிறகு கறுத்த கண்ணாடியில் நான் தெரிந்தேன். அதற்குமேல் அந்த அறையில் உட்காரப் பிடிக்கவில்லை.

அப்போதும் நான் போய்ச் சொல்லவில்லை. படம் பார்த்துத் திருந்துகிற ஆளாக இருந்தால் ஐம்பது வருஷத்துக்கு முந்தியே திருந்தியிருப்பேன்.

கிறிஸ்மஸுக்குச் சேலை எடுக்க டவுனுக்குப் போனேன். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துப் போட்ட பிள்ளை அவர்கள் மகள். காலையிலிருந்து நின்று கால் வீங்கியிருந்தது. நர்சிங் என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவளாகவே சொன்னாள்.

"அடுத்த வருஷம் பாப்போம் டீச்சர். அம்மா மறுபடி சேக்காவ." பிறகு சேலையை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அப்பா எடுத்தேன்னு ஒத்துக்கிட்டாவ. ஆனா என்ன செஞ்சீங்கன்னு கேட்டா முழிக்காவ டீச்சர். அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. செலவழிச்சவுகளுக்குத் தெரியாதா?"

அந்தச் சேலையை நான் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே அடகுக் கடைக்குப் போய்க் கையில் கிடந்த வளையல் இரண்டையும் வைத்தேன். அன்று சாயந்தரமே இருபத்தெட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். அவள் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கவர், முறம், டிவி, தசமபாகம், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் கை சுற்றிக்கொண்டே இருந்தது. நான் முடித்த பிறகுதான் நின்றது.

"நீங்க இல்லன்னு சொன்ன பெறகுதான் டீச்சர் நான் அவியள செருப்பால அடிச்சேன்" என்றாள்.

பணத்தை வாங்கினாள். எண்ணவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை.

போதகரிடம் போய்ச் சபை முன்னால் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். "பணத்தக் குடுத்தாச்சு, எங்கிட்டயும் சொல்லியாச்சு. போதும் டீச்சர். சபைக்குத் தெரிய வேண்டாமே" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. "அந்த மனுஷன மட்டும் ஊர் பாக்க வராந்தாவுல நிறுத்துனீங்கள்லாய்யா" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

காணிக்கை வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். என்னிடம் படித்தவர்களே அங்கே முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். நான் உட்கார்ந்ததும் அடுத்த பாட்டு நம்பரைச் சொன்னார்கள், பாடினோம். மறு மாதம் கைப்பிடி அரிசி ஏலத்தின்போது, சாக்கைத் தூக்கிக் காட்டாமல், ஒரு பாயை விரித்து அதில் கொட்டிக் கையால் துழாவிக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் விலை கேட்டார்கள். இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஏலம் கேட்பதில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொங்கல் கழித்து அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவை வள்ளியூர் போய்ப் புருஷனைக் கூப்பிட்டாளாம். அவர் நம்பவில்லையாம்.

"என்னைய கூட்டிட்டுப் போகதுக்காக நீயா சோடிச்ச கதைங்காவ. டீச்சராவது, எடுக்கதாவதுன்னு சிரிக்காவ. நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு வேற வழி தெரியல."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். தையல் டப்பாவிலிருந்து அந்த ரோஸ் நூலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வள்ளியூரில் புதிதாகக் கட்டுகிற ஒரு வரிசைக் கடைகளில் அவர் ஷட்டருக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிரஷைத் தகரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்று ஒரு சிமெண்டு மூட்டையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போலப் பேசினார்.

"அவ அழுதுருப்பா, உங்களுக்கு மனசு கேட்டுருக்காது. பரவால்ல டீச்சர். நான் எடுத்ததுதான். படுத்துட்டு யோசிச்சு யோசிச்சு ஞாபகம் வந்துட்டு. பைய டப்பாவத் தொறந்தேன். எடுத்தேன். ஒயின் ஷாப்புல எல்லாவனுக்கும் வாங்கிக் குடுத்தேன். எல்லாம் கண்ணு முன்னால தெரியுது."

நடக்காத ஒன்றை இந்த மனிதர் ஆறேழு மாதம் தனியாகப் படுத்து யோசித்து நடந்ததாக ஆக்கியிருக்கிறார். என் ஒரு சொல்லுக்கு இடம் கொடுப்பதற்காக.

"பணத்த எதுல கட்டி வச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"ரப்பர் பேண்டுதான். வேற என்ன?"

கைப்பையைத் திறந்து நூலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டியிருந்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது. பீடி நூல் அவர் வீட்டில் எந்நேரமும் கிடக்கிறது, அவருக்குத் தெரியாதா அது? இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நீலப் பெயிண்ட் ரோஸ் நூலில் ஒட்டியது.

"இதுலயா கட்டியிருந்தா?"

"ஆமா. குறுக்கும் நெடுக்குமா. நான்தான் அவுத்தேன்."

"நான் இத அவுக்கல" என்றார். தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. மறுபடியும், "நான் அவுக்கலயே" என்றார். ஷட்டர்மேல் சாய்ந்துவிட்டார், ஈரப் பெயிண்ட் முதுகெல்லாம் ஒட்டியது. அவர் அழுது முடிக்கும்வரை நான் அந்த மூட்டையில் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவளுக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது. போதகர் ஐயாவுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது" என்றார். "நான் எடுக்கலன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான் டீச்சர். அன்னைக்கு வராந்தாவுல நீங்களும்லா நின்னீங்க."

"ஆமா, நின்னேன்" என்றேன்.